ஓடி முடித்த பின் வரும் இளைப்பு

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சல் போட்டி. அமெரிக்காவின் ரிக் டிமான்ட் என்னும் பதினாறு வயது இளைஞர், ஆஸ்திரேலிய வீரர் பிராட் கூப்பரை நூறில் ஒரு வினாடி வித்தியாசத்தில் முந்தித் தங்கம் வென்றார். ஆனால் அப்பதக்கம் அவரிடம் நிலைக்கவில்லை. ஆஸ்துமாவுக்காக அவர் உட்கொண்ட மாத்திரையில், தடை செய்யப்பட்ட எபிட்ரின் கலந்திருந்தது. அம்மருந்தை உண்பதாக அவர் முன்னரே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் கவனித்து எச்சரிக்க வேண்டியவர்கள் எச்சரிக்கவில்லை! மறு ஆண்டே, 400 மீட்டரை நான்கு நிமிடங்களுக்குள் நீந்திய முதல் மனிதர் என்னும் பெருமையை அவர் பெற்றார். பதக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

ஆஸ்துமா உள்ளவரா இவ்வாறு நீந்தினார் என வியக்கத் தேவையில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்ற அமெரிக்க வீரர்கள் 597 பேரில் 67 பேருக்கு, உடற்பயிற்சியினால் மூச்சுக்குழல் சுருங்கும் தன்மை இருந்தது. அவர்கள் வென்ற பதக்கங்கள் 41.

நம் வீடுகளிலோ, பள்ளியில் ஓடிவிட்டு வந்த பிள்ளை இருமினால், "இனி ஓடாதே" என்று உம்மா தடுத்து விடுகிறார். "சோம்பேறித்தனம்" என்று வாப்பா கடிந்து கொள்கிறார். இரண்டுமே பிழை.

வேகமாக ஓடும்போது வாயால் பெருமளவு காற்றை இழுக்கிறோம். அக்காற்றை ஈரப்படுத்துவதிலேயே மூச்சுக்குழலின் உட்பரப்பு உலர்ந்து போகிறது. அதனால் வெளிப்படும் ஹிஸ்டமின் முதலிய பொருட்கள் குழலைச் சுருக்குகின்றன. குளிர்ந்த வறண்ட காற்றும், நீச்சல் குளத்துக் குளோரின் நெடியும் இதனை மிகுவிக்கும்.

இங்கே பெற்றோர் கூர்ந்து நோக்க வேண்டியது நேரத்தை. இத்தொல்லை பெரும்பாலும் ஓட்டம் நின்று ஐந்து, பத்து நிமிடங்களில் உச்சம் அடையும். மூச்சை வெளிவிடும்போது 'வீசிங்' ஒலி கேட்கும். ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் தானே தணியும். மாறாக, ஓட்டத்தின் நடுவிலேயே தொண்டை அடைத்து, மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரத்து, நின்றதும் சில நிமிடங்களில் சரியாகிவிட்டால், அது குரல்வளை குறுகுவதாக இருக்கலாம். அதற்கு இன்ஹேலர் பயன் தராது. மூச்சுப் பயிற்சியே உதவும். இரத்த சோகையும் இளைப்பைத் தரும் என்பதை மறவாதீர்கள்.

அமர்ந்திருக்கும் பிள்ளையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை" என அனுப்பிவிடுவது போதாது. ஆறு முதல் எட்டு நிமிடங்கள் கடுமையாக ஓடச் செய்து, அதற்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் செய்ய வேண்டும். முதல் வினாடியில் வெளியேறும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் நோய் உறுதியாகிறது.

பின்னர் செய்ய வேண்டியவை எளியவையே. போட்டிக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடங்கள் விட்டுவிட்டு ஓடி உடலைச் சூடாக்கினால், பலருக்குச் சுமார் இரண்டு மணி நேரம் தொல்லை குறைகிறது. மருத்துவர் சொன்னால், கால் மணி நேரம் முன்பாகச் சால்பூட்டமால் இன்ஹேலரை இழுக்கலாம். "இன்ஹேலர் பழகிவிட்டால் விடவே முடியாது" என்னும் அச்சம் ஆதாரமற்றது. எனினும் அது நாள்தோறும் தேவைப்படுமானால், குழலின் அழற்சியைத் தணிக்கும் வேறு இன்ஹேலரும் வேண்டும் என்பதே பொருள். இன்ஹேலர் இழுத்தும் பேச முடியாதபடி திணறினால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மாநில, தேசியப் போட்டிகளுக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சொல். இன்றைய ஊக்கமருந்துத் தடை விதிகளின்படி சால்பூட்டமாலை இழுக்கத் தடையில்லை. ஆனால் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமையும், எந்த எட்டு மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமையும் மீறலாகாது. டெர்பூட்டலின் போன்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். மருந்துச் சீட்டைப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடாமல், "இது விதிக்கு உட்பட்டதா?" என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.