கணினி வழி ஆளுமைக் கோளாறு வினாநிரலும் தமிழ் விடைச்சொற்களும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வறள்நிலப் பின்னணியில்

முன்னுரை

சிந்தனை, உணர்வு, பிறரோடு பழகும் முறை ஆகியவை இளமை முதலே நெகிழ்வின்றி அமைந்து, வாழ்வின் பல நிலைகளிலும் இடர் விளைவிப்பதை மனநல மருத்துவம் ஆளுமைக் கோளாறு என்கிறது. இதனை முதனிலையில் கண்டறியக் கணினி வழி வினாநிரல்கள் பயன்படுகின்றன. அவற்றைத் தமிழில் அமைக்கும்போது எழும் சிக்கல்களை, விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

சல்லடையும் நோயறிதலும்

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆளுமைக் கோளாறு ஆய்வுக்கருவி இதற்குத் தக்க சான்றாகும். 11 நாடுகளின் 14 மையங்களில் 716 நோயாளரிடம் நிகழ்ந்த அதன் கள ஆய்வு 1994இல் வெளிவந்தது. பெங்களூரும் அம்மையங்களுள் ஒன்று. அக்கருவியின் ஐசிடி-10 வடிவம், சரி அல்லது தவறு என விடையளிக்கும் 59 கூற்றுகளை முதலில் தருகிறது. ஒரு கோளாற்றுக்குரிய கூற்றுகளுள் மூன்றோ அதற்கு மேலோ பொருந்தினால் நேர்காணல் தேவைப்படும். அப்பண்பு 5 ஆண்டுகளேனும் நீடித்ததா என்பதை நேர்காணலே ஆராயும். எனவே வினாநிரல் சல்லடை மட்டுமே, நோயறிதல் அன்று.

விடைச்சொற்களின் மயக்கம்

'உங்களுக்கு நெருங்கிய நண்பர்கள் இல்லையா?' என்னும் வினாவிற்கு, நண்பரற்றவர் 'இல்லை' என்றே விடையளிப்பார். கணினியோ அதனை மறுப்பாகப் பதிந்து, நண்பர்கள் உள்ளவராகக் கணக்கிடக்கூடும். 'தவறு' என்னும் சொல்லும் இருபொருள் உடையது. 'சினத்தில் பொருள்களை உடைப்பேன்' என்ற கூற்றுக்கு, அச்செயல் குற்றம் எனக் கருதி ஒருவர் 'தவறு' என்பதைத் தொடலாம். நேரில் கேட்பவர் மறுமுறை வினவித் தெளிவார். கணினி எண்ணிக்கூட்டி முடித்துவிடும்.

வாழ்நிலையின் மயக்கம்

'ஒரே வேலையில் நிலைத்திருப்பதில்லை' என்னும் கூற்றைக் கொள்வோம். மழையை நம்பிய கரிசல் நிலத்தில் வெள்ளாமை முடிந்ததும் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவரும், வெளியூர் ஆலைவேலைக்குச் செல்பவரும் 'சரி' என்றே கூறுவர். இது நிலம் வகுத்த பிழைப்பு. மனத்தின் நிலையாமை அன்று.

முடிவுரை

பிழையான பதிவால் நலமுள்ளவர் பழிப்பெயர் சுமப்பார். துன்புறுபவர் உதவியின்றி விடப்படுவார். ஆதலின் 'நண்பர்கள் உண்டு', 'நண்பர்கள் இல்லை' என முழுத்தொடர்களாகவே விடைகள் அமைதல் வேண்டும். எழுத்தறியாதார்க்குப் பேச்சுத்தமிழில் ஒலிவடிவம் வேண்டும். திரையில் நோயின் பெயர் தோன்றாமல், 'மருத்துவரிடம் பேசுதல் நன்று' என்ற அறிவுரையே தோன்றுதல் தகும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மறைகாப்பை உரிமையாக வழங்குகிறது. ஒருவரது விடைகள் ஊரார் அறியாவண்ணம் காக்கப்படுதல் இன்றியமையாதது.