வழங்கி ஒருங்கிணைப்பு

வழங்கி ஒருங்கிணைப்பு என்பது ஒரு நிறுவனத்தின் பல்வேறு இடங்களில் தனித்தனியாக இயங்கும் வழங்கிக் கணினிகளின் பணிகளைக் குறைந்த எண்ணிக்கையிலான வழங்கிகளுக்கோ ஒரு பொதுவான தரவு மையத்துக்கோ மாற்றி, அவற்றை ஓரிடத்திலிருந்து நிருவகிக்கும் முறையாகும். சர்வர் எனப் பேச்சு வழக்கில் அழைக்கப்படும் வழங்கிகளின் எண்ணிக்கை, மின்செலவு, பராமரிப்புப் பணி ஆகியவற்றைக் குறைப்பதும், சிதறிக் கிடக்கும் தரவுகளை ஒன்றாக்குவதும் இதன் முதன்மை நோக்கங்களாகும். தமிழ்நாட்டில் வருவாய்த்துறையின் நில ஆவணங்களும் பதிவுத்துறையின் பத்திரப் பதிவுகளும் அலுவலகந்தோறும் இருந்த வழங்கிகளிலிருந்து மைய அமைப்புகளுக்கு மாறியது இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

1960களிலும் 1970களிலும் நிறுவனங்கள் பெருமுகக் கணினி ஒன்றையே பலரும் பகிர்ந்து பயன்படுத்தின. 1980களுக்குப் பின்னர் விலை குறைந்த சிறு கணினிகள் வந்ததால், ஒவ்வொரு பிரிவும் தனக்கென ஒரு வழங்கியை வாங்கத் தொடங்கியது. ஒரு பயன்பாட்டில் ஏற்படும் கோளாறு மற்றொன்றைப் பாதிக்கக்கூடாது என்பதற்காக, ஒரு பயன்பாட்டுக்கு ஒரு வழங்கி என்ற வழக்கமும் உருவானது. இதன் விளைவாக வழங்கிகள் பெருகின. அவற்றுள் பல, தம் திறனில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தாமல் நாள் முழுவதும் மின்சாரத்தை உண்டன. வேலை செய்யாமல் காத்திருக்கும் வழங்கியும் முழுச்சுமையில் இயங்கும் வழங்கி செலவிடும் மின்சாரத்தில் கணிசமான பங்கைச் செலவிடுகிறது. அது வெளியிடும் வெப்பத்தை அகற்றக் குளிர்பதனியும் தேவைப்படுகிறது.

வகைகள்

ஒருங்கிணைப்பு பொதுவாக நான்கு நிலைகளில் நடைபெறுகிறது.

1. இட ஒருங்கிணைப்பு: வழங்கிகளின் எண்ணிக்கை மாறாமல், அவை ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன.
2. வன்பொருள் ஒருங்கிணைப்பு: பல சிறிய வழங்கிகளின் பணி சில பெரிய வழங்கிகளுக்கு மாற்றப்படுகிறது.
3. தரவு ஒருங்கிணைப்பு: தனித்தனித் தரவுத்தளங்கள் ஒரே தரவுத்தளமாக இணைக்கப்படுகின்றன.
4. பயன்பாட்டு ஒருங்கிணைப்பு: ஒரே பணிக்கான பல மென்பொருட்களுக்கு மாற்றாக ஒரு பொது மென்பொருள் அமைக்கப்படுகிறது.

இவற்றுள் முதல் நிலை எளிது, பயனும் குறைவு. மூன்றாவதும் நான்காவதும் கடினமானவை. ஆயினும் பயனருக்கு மாற்றம் தெரிவது அவற்றிலேயே.

மெய்நிகராக்கம்

ஒரே இயற்பொருள் கணினியில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் நுட்பம் மெய்நிகராக்கம் எனப்படும். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தனக்கான இயங்குதளத்துடன் தனிக்கணினி போலவே செயல்படும். ஒன்று முடங்கினாலும் மற்றவை தொடர்ந்து இயங்கும். எனவே பயன்பாடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டே வன்பொருளைக் குறைக்க முடிகிறது.

ஐபிஎம் நிறுவனம் 1972இல் தன் பெருமுகக் கணினிகளுக்கு இவ்வசதியை ஒரு வணிக இயங்குதளமாக வெளியிட்டது. 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் சாதாரண வழங்கிகளுக்கும் இதனைக் கொண்டுவந்தது. 2003இல் சென், 2007இல் லினக்சு கருவினுள் சேர்க்கப்பட்ட கேவிஎம் ஆகிய கட்டற்ற மென்பொருட்கள் வந்தபின் உரிமச் செலவின்றியும் இதனைச் செய்ய இயன்றது. இன்றைய மேகக் கணிமையின் அடித்தளமும் இந்நுட்பமே.

தமிழ்நாட்டில் ஒருங்கிணைப்பு

நில ஆவணங்களைக் கணினிமயமாக்கும் பணியில் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய தமிழ் நிலம் என்னும் மென்பொருள் வட்ட அலுவலகங்களில் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அந்தந்த வட்டத்தின் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகிய விவரங்கள் அவ்வட்ட அலுவலகத்தின் வழங்கியிலேயே இருந்தன. பதிவுத்துறையில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்டார் திட்டத்திலும் சார்பதிவாளர் அலுவலகங்களில் தனித்தனிக் கணினி அமைப்புகள் வைக்கப்பட்டன. இம்முறையில் ஒரு வட்டத்தின் வழங்கி பழுதானால் அவ்வட்டத்தில் மட்டுமே பணி நின்றது. அதே வேளையில், வேறொரு வட்டத்தில் உள்ள நிலத்தின் விவரத்தைப் பெற அங்கேயே செல்ல வேண்டியிருந்தது. மென்பொருளில் ஒரு திருத்தம் செய்தாலும் அதனை ஒவ்வொரு அலுவலகத்திலும் தனித்தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

ஒருங்கிணைப்புக்கு முதல் தேவை வலையமைப்பாகும். இந்திய அரசு 2005 மார்ச்சில் மாநிலப் பரந்த வலையமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2008 சனவரியில் மாநிலத் தரவு மையங்களுக்கான திட்டம் ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் இவ்விரு பணிகளையும் 1977இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மின்னணு நிறுவனம் (எல்காட்) மேற்கொண்டது. மாநிலத் தரவு மையம் சென்னை பெருங்குடியில் அமைக்கப்பட்டது. பேரிடர் காலத்தில் பயன்படுவதற்கான மீட்பு மையம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது.

பின்னர் 2010களில் தமிழ் நிலம் இணையவழி மைய அமைப்பாக மாறியது. பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 என்னும் இணையவழி மைய அமைப்பு 2018 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இரண்டு துறைகளின் தரவுகளும் மையத்தில் இருப்பதால் அவற்றை ஒன்றோடொன்று இணைக்க முடிந்தது. உட்பிரிவு தேவைப்படாத நிலங்களில் பத்திரம் பதிவானதும் பட்டா தானாக மாறும் வசதி இதன் விளைவாகும்.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று செயற்பாட்டுக்கு வந்தது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டம் இம்மாவட்டத்தில் அடங்கும். மாவட்டப் பிரிப்பு என்பது கணினி நிருவாகத்துக்கும் ஒரு பெரும் பணியாகும். ஒவ்வொரு கிராமத்துக்கும் உரிய மாவட்ட, வட்டக் குறியீடுகள் மாற வேண்டும். பழைய ஆவணங்கள் பழைய பெயரிலும் கிடைக்க வேண்டும். அலுவலர்களின் அணுக்க உரிமைகளும் திருத்தப்பட வேண்டும். தரவுகள் தனித்தனி வழங்கிகளில் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துச் செல்ல நேரிடும். மையத் தரவுத்தளத்தில் அதே பணி பெரும்பாலும் குறியீட்டு அட்டவணையில் செய்யும் மாற்றமாக முடிந்துவிடும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். இம்மலைப்பகுதி மூன்று சாகீர்தார்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்து, 1976இல் அரசின் நேரடி நிருவாகத்துக்கு வந்தது. அதனால் இங்கு நில உரிமைக்கான அரசு ஆவணம் சமவெளியைவிடக் காலத்தால் பிந்தியது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் வழங்குகிறார். இச்சான்றிதழ் கல்வி உதவித்தொகைக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் இன்றியமையாதது. இணையவழி விண்ணப்பம் சரியாக இயங்கினால் மலைக்கிராம மாணவர் ஒருவர் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிச் செல்லும் பயணங்கள் குறையும். இணைப்பு இல்லாவிடில், ஆவணம் பெருங்குடியில் பாதுகாப்பாக இருந்தும் அவருக்குப் பயனில்லை. சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் குறித்து சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து வழக்கெடுத்த பகுதி இது என்பது குறிப்பிடத்தக்கது.

கிடைநிலைக் கணக்கு

ஒரு சேவை ஆண்டில் எவ்வளவு நேரம் பயன்படுத்தத்தக்க நிலையில் உள்ளது என்பது கிடைநிலை எனப்படும். தொடராக அமைந்த உறுப்புகளின் கிடைநிலை அவற்றின் பெருக்கற்பலனாகும். எடுத்துக்காட்டாக, தரவு மையத்தின் கிடைநிலை 99.9% எனவும், மலைமேல் உள்ள அலுவலகத்தின் இணைப்பு 98% எனவும் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 97.9% கிடைக்கும். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் ஏறத்தாழ 184 மணி நேரம் சேவை இராது. இதில் தரவு மையத்தால் ஏற்படுவது சுமார் 9 மணி நேரம் மட்டுமே.

அதே அலுவலகத்துக்கு 98% கிடைநிலை கொண்ட இரண்டாவது இணைப்பும் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் அறும் வாய்ப்பு 0.04% ஆகிறது. மொத்த இழப்பு ஏறத்தாழ 12 மணி நேரமாகக் குறைகிறது. எனவே மையத்தில் விலையுயர்ந்த வழங்கிகளைச் சேர்ப்பதைவிட, கடைக்கோடி அலுவலகத்துக்கு இரண்டாவது இணைப்பு தருவதே அங்குள்ள பயனருக்கு மிகுந்த பலனளிக்கும். ஆயினும் இக்கணக்கு இரு இணைப்புகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால் மட்டுமே பொருந்தும். இரண்டு கண்ணாடியிழை வடங்களும் ஒரே மலைச்சாலையின் ஓரத்தில் சென்றால் ஒரு மண்சரிவு இரண்டையும் அறுத்துவிடும். ஒன்று வடமாகவும் மற்றொன்று நுண்ணலை அல்லது செயற்கைக்கோள் வழியாகவும் அமைவது நன்று.

கொள்ளளவுக் கணக்கு

இருபது வழங்கிகள் ஒவ்வொன்றும் சராசரியாக 10% சுமையுடன் இயங்குவதாகக் கொள்வோம். அவற்றின் மொத்தப் பணி இரண்டு வழங்கிகளின் முழுத்திறனுக்குச் சமம். எந்த வழங்கியும் 60% சுமையைத் தாண்டக்கூடாது எனில் நான்கு வழங்கிகள் தேவை. ஒன்று பழுதானால் ஈடுகட்ட ஐந்தாவது ஒன்று வைக்கப்படும். பழைய வழங்கி ஒவ்வொன்றும் 300 வாட்டும் புதியது 500 வாட்டும் எடுத்துக்கொண்டால், மின்தேவை 6 கிலோவாட்டிலிருந்து 2.5 கிலோவாட்டாகக் குறையும். ஆண்டுக்குச் சுமார் 30,660 அலகு மின்சாரம் மிஞ்சும். குளிரூட்டலில் ஏற்படும் சேமிப்பு இதில் சேராது.

சராசரியை மட்டும் கொண்டு திட்டமிடுவது பெரும் பிழையாகும். பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் மே, சூன் மாதங்களில் சாதி, வருமானம், இருப்பிடச் சான்றிதழ்களுக்கான விண்ணப்பங்கள் மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் குவியும். தனித்தனியாக இருந்தபோது ஒவ்வொரு வழங்கியும் தன் உச்சச்சுமையைத் தானே தாங்கியது. ஒன்றிணைத்தபின் எல்லா உச்சங்களும் ஒரே இடத்தில் கூடும். ஆகவே குறைந்தது ஓராண்டுச் சுமையையேனும் அளந்தபின் கொள்ளளவை முடிவு செய்தல் வேண்டும்.

தமிழ்த் தரவு இடப்பெயர்ப்பு

தமிழில் சேமிக்கப்பட்ட பழைய தரவுகளை ஒன்றிணைப்பதில் குறியேற்றம் ஒரு தனிச்சிக்கலாகும். தமிழக அரசு 1999இல் தாப், தாம் ஆகிய எட்டுநுண்மிக் குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. 2010இல் ஒருங்குறியையும் தேசு-16 குறியேற்றத்தையும் ஏற்றது. தாப் குறியேற்றத்தில் "கொ" என்னும் எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு, ககரம், கால் என மூன்றாகச் சேமிக்கப்படும். ஒருங்குறியில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் வரும். மாற்றி சரியாக அமையாவிடில் பெயர்கள் சிதையும், தேடலில் அகப்படா, அகரவரிசையும் குலையும். பட்டாதாரரின் பெயர் பத்திரத்தில் ஒருவாறும் நில ஆவணத்தில் வேறாகவும் பதிவாகியிருந்தால் கணினி அவரை இரண்டு ஆட்களாகவே கருதும். எனவே மாற்றியபின் ஒவ்வொரு கிராமத்திலும் சில பதிவுகளையாவது மூலத்தாளுடன் ஒப்பிடுவது தேவையாகும்.

இடர்கள்

ஒருங்கிணைப்பின் முதன்மை இடர், பல சேவைகள் ஒரே இடத்தை நம்பியிருப்பதாகும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேசான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலத் தொகுதியில் தீப்பற்றியது. இதனால் 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்களின் கோப்புகளைக் கொண்டிருந்த, ஏறத்தாழ 858 டெராபைட்டு அளவுள்ள சேமிப்பகம் அழிந்தது. அதற்கு வெளியிடக் காப்புப்படி இருக்கவில்லை.

சென்னை 2015இல் பெருவெள்ளத்தையும் 2016இல் வர்தா புயலையும் சந்தித்த நகரம். கடற்கரையிலிருந்து விலகிய திருச்சிராப்பள்ளியில் மீட்பு மையம் இருப்பதன் தேவை இதனால் விளங்கும். மீட்பு மையம் இருப்பது மட்டும் போதாது. அதற்கு மாற எவ்வளவு நேரம் ஆகும், கடைசி எத்தனை நிமிடத் தரவு இழக்கப்படலாம் என்னும் இரு எல்லைகளும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டு, ஒத்திகை மூலம் சோதிக்கப்பட வேண்டும்.

நிருவாகம்

ஒருங்கிணைந்த வழங்கிகளை நிருவகிப்போர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பர்.

* இருப்புப் பட்டியல்: எந்த வழங்கியில் எந்தப் பயன்பாடு உள்ளது, அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதைப் பதிவு செய்தல். மெய்நிகர் வழங்கிகளைச் சில நிமிடங்களில் உருவாக்கலாம் என்பதால், கேட்பாரற்ற வழங்கிகள் மீண்டும் பெருகும் வாய்ப்பு உண்டு.
* காப்பெடுப்பு: மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்னும் விதி பரவலாகப் பின்பற்றப்படுகிறது. காப்புப்படியிலிருந்து மீட்டுப் பார்க்காதவரை அதனை நம்புதல் ஆகாது.
* பாதுகாப்புத் திருத்தங்கள்: முதலில் சோதனை வழங்கியில் இட்டுப் பார்த்தபின் பயன்பாட்டு வழங்கிகளில் நிறுவுதல்.
* அணுக்கக் கட்டுப்பாடு: ஒருவர் தம் பணிக்குத் தேவையான அளவு உரிமையை மட்டும் பெறுதல், பதிவேட்டில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடம் இருத்தல்.
* கண்காணிப்பு: மையத்தில் வழங்கி இயங்குகிறதா என்பதோடு, கடைக்கோடி அலுவலகத்தின் திரையில் பக்கம் திறக்கிறதா என்பதையும் அளத்தல்.

இறுதியாகக் கூறிய அளவீடு பெரும்பாலும் விடுபடுகிறது. மையத்தின் அறிக்கை சேவை தடையின்றி இயங்கியதாகக் காட்டும் அதே நாளில், மலைமேல் உள்ள அலுவலகத்தில் ஒரு சான்றிதழும் வழங்கப்படாமல் இருக்கக்கூடும். இணைப்பு இல்லாத நேரத்தில் விண்ணப்பங்களை உள்ளூர்க் கணினியில் ஏற்று, இணைப்பு வந்ததும் மையத்துக்கு அனுப்பும் வசதி இக்குறையைத் தணிக்கும் வழிகளுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* மெய்நிகராக்கம்
* மேகக் கணிமை
* தரவு மையம்
* மின்னாளுகை
* கல்வராயன் மலை