இரண்டு இணைப்பு இருந்தால் இரட்டை வேகமா?

வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு ஒன்று, 40 எம்பிபிஎஸ் தரும் 5ஜி இணைப்பு ஒன்று. இரண்டையும் ஒரு லினக்ஸ் ரவுட்டரில் செருகினால் 140 கிடைத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஒரே கோப்பைத் தரவிறக்கும்போது அது நடக்காது. நம் முகவரி, போர்ட் எண், சர்வரின் முகவரி, அதன் போர்ட் எண் ஆகிய நான்கையும் வைத்தே ஒரு டிசிபி தொடர்பு அடையாளம் காணப்படுகிறது. இரண்டு இணைப்புகளுக்கும் வெளியுலகில் வெவ்வேறு ஐபி முகவரிகள். பாதி பாக்கெட்டுகள் இன்னொரு முகவரியிலிருந்து போனால் சர்வர் அவற்றை ஏற்காது. ஆகவே, எந்த வழியில் கிளம்பியதோ அதே வழியில்தான் ஒரு தொடர்பு முடிய வேண்டும். அப்படியானால் இரண்டாவது இணைப்பு வீண் செலவா? எந்தக் கருவி எந்த வழியில் போகலாம் என்று தீர்மானிக்கவும், ஒன்று விழுந்தால் மற்றதால் சமாளிக்கவும் அது உதவுகிறது. அந்தப் பயனுக்காகவே அதை வாங்கலாம்.

இதற்கான வசதி 1999-இல் வந்த கெர்னல் 2.2 முதலே லினக்ஸில் இருக்கிறது. வழக்கமான ரவுட்டிங் பாக்கெட் எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கும். ‘ஐபி ரூல்’ கட்டளையோ அது யாரிடமிருந்து வருகிறது என்றும் பார்க்க வைக்கும். 192.168.1.20 என்ற அலுவலக லேப்டாப்புக்கு ஃபைபர், 192.168.1.30 என்ற டிவிக்கு 5ஜி என்று தனித்தனி ரவுட்டிங் டேபிள் கொடுத்துவிடலாம். மற்ற கருவிகளுக்கு ஒரே டீஃபால்ட் ரூட்டில் இரண்டு கேட்வேயையும் 5-க்கு 2 என்ற வெயிட்டில் எழுதினால், தொடர்புகள் ஏறக்குறைய அந்த விகிதத்தில் பிரியும். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வீட்டில் இதனால் நெரிசல் குறையும். ஆனால் பாதியில் முகவரி மாறினால் வங்கித் தளம் நம்மை வெளியேற்றிவிடக்கூடும். அத்தகைய தளங்களை ஒரே இணைப்பில் கட்டிப்போடுவதே நல்லது.

இரண்டு வழிகளையும் ஒரே தொடர்பில் சேர்க்கும் மல்டிபாத் டிசிபி இருக்கிறதே என்று கேட்கலாம். 2020-இல் வெளியான கெர்னல் 5.6 முதல் லினக்ஸிலேயே அது உண்டு. ஆனால் மறுமுனையும் அதை ஏற்க வேண்டும். பெரும்பாலான இணையதளங்கள் ஏற்பதில்லை. நடுவில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம், மாதச் செலவோடு. கடையில் கிடைக்கும் இரட்டை வான் (இரண்டு இணைய இணைப்புகளை ஏற்கும்) ரவுட்டர் போதாதா என்றால், பலருக்குப் போதும். ஆனால் விதிகளை நம் விருப்பப்படி எழுத, ரவுட்டர்களுக்கான லினக்ஸ் அமைப்பான ஓப்பன்டபிள்யூஆர்டியும் அதன் எம்வான்3 தொகுப்பும் கூடுதல் இடம் தருகின்றன.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஃபைபர் ரூட்டுக்கு மெட்ரிக் 100, 5ஜி-க்கு 200 என்று வைத்தால் குறைந்த எண்ணுக்கே முன்னுரிமை. தெருவில் கேபிள் அறுந்தாலும் வீட்டு மோடம் உயிரோடுதான் இருக்கும். லினக்ஸ் அதை நம்பிப் பாக்கெட்டுகளை அங்கேயே தள்ளிக்கொண்டிருக்கும். வெளியுலக முகவரி ஒன்றை அந்தந்த இணைப்பு வழியே அடிக்கடி பிங் செய்து, பதில் வராவிட்டால் வழியை மாற்றும் ஏற்பாடு அவசியம். எம்வான்3 இதைத்தான் செய்கிறது. எல்லாம் அமைத்து முடித்ததும், மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள கேபிளை விட்டுவிட்டு, மோடத்துக்குள் வரும் ஃபைபர் கேபிளைக் கழற்றிச் சோதித்துப் பாருங்கள்.