படம் ஓடுது, சத்தம் வரலையா?

புகார் மனுவோடு இணைக்க வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றினீர்கள். படம் ஓடுது, சத்தம் மட்டும் வரலை. ஏன்?

எம்பி4, எம்கேவி, வெப்எம் எல்லாம் வெறும் டப்பாதான். உள்ளே படமும் ஒலியும் தனித்தனி கோடெக்கில் சுருக்கப்பட்டிருக்கும். எம்கேவியில் ஏறக்குறைய எந்த ஒலியும் அடங்கும். வெப்எம், ஓபஸ், வோர்பிஸ் ஒலிகளை மட்டுமே ஏற்கும். எம்பி4க்கு ஏஏசி பொருத்தமானது. பெரும்பாலான போன்களில் கேட்கும்.

கோப்புப் பெயரின் கடைசியில் 'எம்பி4' என்று மாத்திட்டா மட்டும் உள்ளே இருப்பது மாறாது. மாற்றும் மென்பொருளில் வீடியோவுக்கு எச்.264, ஆடியோவுக்கு ஏஏசி என்று தேர்வு செய்யுங்கள். படம் ஏற்கெனவே எச்.264 என்றால், எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருளில் அதை அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் மாற்றலாம். படத்தின் தரம் குறையாது, நேரமும் மிச்சம்.

அனுப்பும் முன் முழுசா ஒருமுறை கேட்டுப் பாருங்க. அசல் கோப்பை அழிச்சிடாதீங்க. உங்கள் ஆதாரம் அதுதான்.