பூமியைக் குறுக்கே வெட்டிக் காட்டிய தாள்கள்

லெட்வில் நிலவியல் வரைபடத் தொகுப்பு, 1883
கொலராடோ, அமெரிக்கா

கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே, ராக்கி மலைத்தொடரில் இருக்கிறது லெட்வில். 1860-இல் இங்கே பொன் அலச வந்தவர்களுக்குப் பெரிய தொல்லை, மரத்தொட்டிகளை அடைத்துக்கொண்ட கனத்த கறுப்பு மணல். வாரி வாரிக் கொட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதுதான் தெரிந்தது, அது வெள்ளி கலந்த காரீயத் தாது என்று. 1870-களின் கடைசியில் கூட்டம் கூட்டமாக வந்து குழி தோண்டினார்கள்.

எங்கே தோண்டுவது? அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1879-இல்தான் பிறந்திருந்தது. அதன் சார்பில் வந்த சாமுவேல் எமன்ஸும் அவர் குழுவினரும் சுரங்கங்களுக்குள் இறங்கி ஆராய்ந்தார்கள். சுண்ணாம்புப்பாறையை வெள்ளைப் போர்ஃபிரிப் பாறை மேலிருந்து மூடும் எல்லையில்தான் தாது அதிகம் என்று கண்டார்கள்.

அவர்கள் கண்டதைக் காட்டும் இந்தத் தொகுப்பில் வண்ண வரைபடம் கண்ணை இழுக்கும். ஆனால் குறுக்குவெட்டுத் தாள்களின் முன் சற்று நில்லுங்கள். பாறை அடுக்குகள் பிளவுகளில் அறுந்து, ஒரு பக்கம் மேலேறியும் மறுபக்கம் கீழிறங்கியும் கிடக்கின்றன. ஒரு குழியில் சட்டென்று மறைந்த தாது அடுத்த குழியில் எந்த ஆழத்தில் தொடரும் என்பதை ஊகிக்க உதவியவை இவைதாம். சுரங்க முதலாளிக்குக் காசு இந்தத் தாள்களில்தான் இருந்தது.

எமன்ஸின் முழு அறிக்கை வெளிவர 1886 ஆயிற்று. அதுவரை யார் பொறுப்பார்கள்? 1882-இல் வந்த சுருக்கத்தையே கையில் வைத்துக்கொண்டு வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.