நூற்று மூன்று பேரில் ஒருவர்

பக்கவாதம் வந்து பிழைத்தவர்கள் 103 பேர். அவர்களில் 73 பேருக்கு ரத்தக்கொதிப்பு. அதற்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள் 8 பேர். தினமும் ஆஸ்பிரின் போட்டுக்கொண்டவர் ஒரே ஒருவர். தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கில், க்ரூகர் வனவிலங்குப் பூங்காவை ஒட்டிய அஜின்கோர்ட் வட்டாரக் கிராமங்களில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கணக்கு இது.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டியிருந்தால் இந்தக் கணக்கு கிடைத்திருக்காது. கை கால் விழுந்தவர் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பார். பதிவேட்டில் அவர் பெயர் இருந்தால்தான் அதிசயம். ஆகவே வீடு வீடாகப் போனார்கள். போவதற்கு ஆட்களும் தயாராக இருந்தார்கள்.

வீடு வீடாகப் போகும் அந்த ஏற்பாடு தொடங்கியது 1992-இல். நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த பகுதிகளில், எத்தனை பேர் வாழ்கிறார்கள், எதனால் சாகிறார்கள் என்பதற்கு அன்று நம்பகமான கணக்கே கிடையாது. ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முதலில் ஆட்களை எண்ணினார்கள். பிறகு பிறப்பு, இறப்பு, ஊர்விட்டுப் போனவர், வந்தவர் என்று பதிந்துகொண்டே வந்தார்கள். கதவைத் தட்டுகிறவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், சித்சோங்கா மொழி பேசுகிறவர்கள்.

ஒரு வீட்டில் சாவு நடந்திருந்தால், இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் பிறகு போய் உட்கார்ந்து பேசுவார். காய்ச்சல் இருந்ததா, இருமல் எத்தனை நாள், உடம்பு இளைத்ததா, ஒரு பக்கம் செயலிழந்ததா? அந்தக் குறிப்பை மருத்துவர்கள் தனித்தனியே படித்து, சாவுக்கு என்ன காரணம் என்று எழுதுவார்கள். இருவர் கருத்தாவது ஒத்துப்போனால்தான் அந்தக் காரணம் பதிவாகும். துக்க வீட்டில் அழுகைக்கு நடுவே இருமலைப் பற்றி விசாரிப்பது லேசான வேலையில்லை. என்னைக் கேட்டால், ஆய்வுப் பயிற்சியில் புள்ளியியலுக்கும் முன்னால் வைக்க வேண்டிய பாடம் இதுதான்.

பக்கவாத ஆய்வுக்காக, வழக்கமான கணக்கெடுப்போடு இரண்டே கேள்விகளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பக்கவாதம் வந்ததுண்டா? உடம்பில் ஒரு பக்கம் பலமிழந்ததுண்டா? ஆம் என்றவர்களை மருத்துவர் நேரில் பரிசோதித்தார். அப்படித் தேறியதுதான் 103.

சரி, மருந்து ஏன் சாப்பிடவில்லை? 'பட்டிக்காட்டு ஜனங்கள், இங்கிலீஷ் மருந்தை நம்பமாட்டார்கள்' என்ற பதில் எல்லோர் நாக்கு நுனியிலும் இருக்கும். ஆய்வுக் குழுவில் மானுடவியலாளர்களும் இருந்ததால் அந்தப் பதிலோடு விடவில்லை. நோயாளிகளிடமும் நாட்டு வைத்தியர்களிடமும் செவிலியர்களிடமும் பேசினார்கள். மக்கள் வைத்தியரிடமும் தேவாலயத்துக்கும் போகத்தான் செய்தார்கள். ஆனால் ஆங்கில வைத்தியத்தின் மீதான வெறுப்பு பெரிய காரணமாகத் தெரியவில்லை. செலவு, மாத்திரை கிடைப்பதில் சிரமம், விழுங்கத் தயக்கம், இவற்றோடு கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியே இல்லாமை!

இத்தகைய காரணங்கள் ஒரே வருகையில் பிடிபடுவதில்லை. காலரா என்றால் ஆய்வாளர் வந்து, கெட்ட கிணற்றைக் கண்டுபிடித்து, மூடச் சொல்லிவிட்டு ஊர் திரும்பலாம். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் இருபது வருஷ விவகாரம். ஓட்டல் அரங்கில் இரண்டு நாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்து இதற்கு ஆள் தயாரிக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் பதிவேடு உள்ள ஊரில் மாணவரைக் கொண்டுபோய் விடவேண்டும். அஜின்கோர்ட் அப்படியொரு பயிற்சிக்களமாகவும் ஆனது. பின்னாளில் அங்கே 40 வயது கடந்த 5,059 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது.

அளந்துகொண்டே இருந்தால் போதுமா என்று கேட்கலாம். அளப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அங்குள்ள 8 கிளினிக்குகளை எடுத்து, அவற்றில் பாதியில் உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து அமர்த்திப் பார்த்தார்கள். கோப்புகளை ஒழுங்காக வைப்பது, நோயாளிக்கு நாள் குறிப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிளினிக் வேலை சீரானது. ஊரில் ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் வராதவர்களின் விகிதமோ அசையவில்லை. அந்த முடிவை 2018-இல் அப்படியே வெளியிட்டார்கள்.