பழைய வண்டிக்கு ஸ்பேர் வாங்கப் போறீங்களா? முதல்ல நம்பரைப் பிடிங்க!

நம்ம ஹாஸ்டல் பார்க்கிங்ல ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. புது வண்டிகளுக்கு நடுவுல அப்பா ஓட்டினது, மாமா கொடுத்ததுன்னு நாலஞ்சு யமஹா ஆர்எக்ஸ் 100 கண்டிப்பா நிக்கும். 1985-ல எஸ்கார்ட்ஸ் மூலமா இந்தியாவுக்கு வந்து, 1996-ல நின்னுபோன வண்டி அது. கம்பெனி நிறுத்தி இத்தனை வருஷமாகியும் இன்னும் ஓடிக்கிட்டு இருக்குன்னா, அதுக்குப் பாதிக் காரணம் வண்டி, மீதிக் காரணம் சரியான ஸ்பேரைத் தேடிப் பிடிக்கத் தெரிஞ்ச ஆட்கள். அந்தத் தேடல் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல நான் ஏமாந்த கதையைச் சொல்லிடறேன். போன வருஷம் என் ஆர்எக்ஸ்-ல ஐடிலிங் நிக்கவே இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் எஞ்சின் தானா ரேஸ் ஆகும். பிளக்கைக் கழட்டிப் பார்த்தா வெள்ளை வெளேர்னு இருந்தது. மெக்கானிக் அண்ணன் பார்த்துட்டு, "மேக்னெட் சைடு ஆயில் சீல் போயிடுச்சு தம்பி, ஒண்ணு வாங்கிட்டு வா"ன்னார். ஒரு கடையில போய் "ஆர்எக்ஸ் ஆயில் சீல் ஒண்ணு"ன்னு கேட்டேன். கொடுத்தார். வாங்கினேன். அவ்வளவுதான். அது எந்த அளவு, என்ன நம்பர், யார் செஞ்சதுன்னு ஒண்ணுமே பார்க்கலை. மூணு வாரம் கழிச்சு தாம்பரம் தாண்டி வண்டி ஜாம் ஆகி, பின் சக்கரம் அப்படியே லாக் ஆச்சு. பின்னாடி லாரி எதுவும் வரலை, அதனால இதை எழுதிக்கிட்டு இருக்கேன்.

ஏன் அப்படி ஆச்சு? டூ ஸ்ட்ரோக் எஞ்சின்ல பெட்ரோல் கலவை கிராங்க்கேஸ் வழியாத்தான் மேல போகும். பிஸ்டன் மேல ஏறும்போது கிராங்க்கேஸ் உள்ள இழுக்கும். கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு பக்கமும் இருக்கிற சீல் சரியா உட்காரலைன்னா, கார்புரேட்டர் வழியா வராத காத்து பக்கவாட்டுல உள்ள போகும். கலவையில பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டரைப் பிடிச்சுக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனா காத்துக்குப் பதிலா கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகையாத் தள்ளும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். மேக்னெட் பக்கம் போனா சத்தமில்லாம பிஸ்டனைத் தின்னும்.

சரி, நம்பருக்கு வருவோம். யமஹா பார்ட் நம்பர் பார்க்க பயமா இருக்கும், ஆனா அதுக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்கு. முதல் மூணு இடம், அந்தப் பார்ட் முதன்முதல்ல எந்த மாடலுக்காக வடிவமைக்கப்பட்டதோ அந்த மாடலோட குறியீடு. அடுத்த அஞ்சு இலக்கம், அது என்ன பார்ட் என்பது. கடைசியில வர்றது மாற்றம் செஞ்ச பதிப்பும் கலரும். நடுவுல உள்ள அஞ்சு இலக்கம் எல்லா யமஹாவுக்கும் பொது. 11631-ன்னா ஸ்டாண்டர்டு பிஸ்டன். 11635 முதல் ஓவர்சைஸ். 11181 ஹெட் கேஸ்கெட். 26335 கிளட்ச் கேபிள்.

இதுல காசு மிச்சமாகிற விஷயம் அந்த முதல் மூணு இடத்துலதான் இருக்கு. ஆர்எக்ஸ் 135 பார்ட்ஸ் கேட்டலாக்கைத் திறந்து பாருங்க. அதுல ஒரு பார்ட்டுக்கு ஆர்எக்ஸ் 100-ஓட குறியீடு போட்டிருந்தா, கம்பெனியே புதுசா எதுவும் செய்யாம பழைய பார்ட்டையே போட்டிருக்குன்னு அர்த்தம். அப்ப 135-க்குன்னு கடையில தூங்குற பார்ட் உங்க 100-க்கு அப்படியே உட்காரும். "ஆர்எக்ஸ் 100" பேர் போட்ட டப்பாவுக்கு இப்ப தனி விலை. அதே சாமான் வேற டப்பாவுல வந்தா யாரும் சீண்ட மாட்டாங்க.

மத்த கம்பெனிகள் வரிசையை மாத்திப் போடும். ஹோண்டாவுல (பழைய ஹீரோ ஹோண்டாவும் இதே முறைதான்) முதல் அஞ்சு இலக்கம் பார்ட், நடுவுல மூணு இடம் மாடல். சுசுகியில முதல் அஞ்சு பார்ட், அடுத்த அஞ்சு மாடல். கேட்டலாக் எங்கே கிடைக்கும்னு கேட்டா, ஸ்கேன் செஞ்ச பிடிஎஃப் நிறைய சுத்துது. ஆனா உங்க வண்டி எந்த வருஷத்துதுன்னு ஃபிரேம் நம்பரை வெச்சு உறுதி செஞ்சுட்டு அந்தப் பக்கத்தைப் பாருங்க. பழைய மெக்கானிக் கடைகள்ல கிரீஸ் படிஞ்ச அச்சுப் புத்தகமே இருக்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்தா போட்டோ எடுத்துக்க விடுவாங்க.

யமஹாவுல 9-ல ஆரம்பிக்கிற நம்பரைப் பார்த்தா சந்தோஷப்படுங்க. அது பேரிங், ஆயில் சீல், ஓ-ரிங், போல்ட் மாதிரி பொதுச் சாமான். அதை வண்டிக் கடையில வாங்கணும்னு அவசியமே இல்லை, பேரிங் கடைக்கே போகலாம். பேரிங் மேல 6204-ன்னு எழுதியிருந்தா, கடைசி ரெண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்குங்க. உள் விட்டம் 20 மி.மீ. (04-க்குக் கீழ இந்தக் கணக்கு செல்லாது: 6203-ன்னா 17, 6202-ன்னா 15.) பக்கத்துல 2ஆர்எஸ்-னு இருந்தா ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி. சி3-ன்னு இருந்தா உள்ளே இடைவெளி கொஞ்சம் அதிகம். சூட்டுல விரியுற கிராங்க் பேரிங்குக்கு அது முக்கியம். கழட்டின பேரிங்ல சி3 இருந்து, கடைக்காரர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு சாதா பேரிங்கை நீட்டினா வாங்காதீங்க.

ஆயில் சீலும் அப்படித்தான். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், மூணும் அதன் மேலேயே அச்சடிச்சிருக்கும். அழிஞ்சிருந்தா வெர்னியர் எடுங்க. முதல் வருஷ ஒர்க்‌ஷாப்புல ரெக்கார்டுக்காக மட்டும் தொட்டோமே, அதே வெர்னியர்தான். நான் வாங்கின சீலை அப்புறம் அளந்தேன். உள் விட்டம் சரியா இருந்தது, வெளி விட்டம்தான் கொஞ்சம் குறைச்சல். கையால அழுத்தினாலே உள்ளே போனப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

எங்கே வாங்கறது? சென்னைன்னா புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழட்டின சாமானுக்குப் புதுப்பேட்டை. கோயம்புத்தூர்க்காரங்களுக்கு உக்கடம். ஃபுட் ரெஸ்ட், ஃபோர்க், சைடு ஸ்டாண்டு மாதிரி இரும்பை பழசா வாங்கலாம். அந்தக் காலத்து இரும்பு இப்ப வர்ற டூப்ளிகேட்டை விட நல்லாவே இருக்கும். சீல், கேஸ்கெட், ரப்பர், பிரேக் ஷூ எதையும் பழசா வாங்காதீங்க. இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் வேற இருக்கு. முப்பது வருஷத்து கார்புரேட்டர் ரப்பர் அதைத் தாங்காது. முக்கியமா, எஞ்சின் நம்பர் அடிச்ச கிராங்க்கேஸை பில் இல்லாம தொடவே தொடாதீங்க. அது எந்தத் திருட்டு வண்டியோடதுன்னு போலீஸ் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவரும்.

ஜெனியூன் இல்லைன்னா டூப்ளிகேட்தானான்னு நினைக்காதீங்க, நடுவுல ஒரு வழி இருக்கு. வண்டிக் கம்பெனிகள் பேரிங்கையோ செயினையோ தாங்களே செய்யறதில்லை. செய்யறவங்க தங்க சொந்தப் பேர்லயும் விக்கிறாங்க. கோயம்புத்தூர் ரோலான் செயின் ஒரு உதாரணம். வண்டிக் கம்பெனி டப்பாவுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

என் கதையை முடிச்சிடறேன். 50 மி.மீ. போர், 50.25-க்கு ஏத்த வேண்டி வந்தது. லேத்துக்குப் போனப்ப அங்க இருந்த பெரியவர் முதல்ல கேட்டது, "பிஸ்டன் எங்கப்பா?" சிலிண்டரை மட்டும் கொடுத்துட்டு, பிஸ்டனை அப்புறம் வாங்கலாம்னு நினைச்சிருந்தேன். கையில இருக்கிற பிஸ்டனை அளந்துதான் அதுக்கேத்த இடைவெளி விட்டு போர் அடிக்கணுமாம். ரெண்டு நாள் அலைஞ்சு, நம்பர் சொல்லி, பிஸ்டன் வாங்கிட்டுப் போனேன். இந்தத் தடவை கடைக்காரர், "எந்த வண்டிக்கு?"ன்னு கேக்கவே இல்லை.